கார்கிவ் வீடுகளில் ரேடியேட்டர் குளிர்ந்துபோனால் ஆளுக்கொரு ஹீட்டர் வைத்துச் சமாளிக்க முடியாதா?

தக்கலை டீச்சர்:

இந்தக் குழுவில் கப்பல், கல்ஃப், மின்வாரியம் என்று பல இடங்களில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்கள், அதனால் இங்கே கேட்கிறேன். என் மகள் உக்ரைனில் கார்கிவ் நகரத்தில் மெடிக்கல் படித்துக்கொண்டிருந்தாள். 2022 மார்ச்சில், போரில் சிக்கிய மாணவர்களை மீட்க இந்திய அரசு அனுப்பிய ஆபரேஷன் கங்கா விமானத்தில்தான் வீடு வந்து சேர்ந்தாள். அவள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மா இன்னும் அந்த ஊரை விட்டுப் போகவில்லை. வயதானவர், தனியாக இருக்கிறார், பதினொன்றாவது மாடி. என் மகளைச் சொந்தப் பேத்தி மாதிரி பார்த்துக்கொண்டவர். அதனால் இன்றைக்கும் வீடியோ காலில் பேசிக்கொள்கிறோம், அவருக்கும் எனக்கும் பாஷை கிடையாது, மகள்தான் நடுவில் நின்று சொல்வாள்.

இந்தக் குளிர்காலத்தில் அவர் வீட்டுக்குள்ளேயே கனத்த கோட்டும் கம்பளித் தொப்பியுமாக உட்கார்ந்திருக்கிறார். பேசும்போது வாயிலிருந்து ஆவி வருகிறது. ஜன்னலுக்குக் கீழே உள்ள இரும்பு ரேடியேட்டர் மேல் கையை வைத்துக் காட்டிவிட்டுத் தலையை ஆட்டுகிறார். பார்த்துவிட்டு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். ரஷ்யா போட்ட குண்டு விழுந்தது ஊருக்கு வெளியே இருக்கும் மின்நிலையத்தில். அதற்கும் இவர் வீட்டு ரேடியேட்டருக்கும் என்ன சம்பந்தம்? கரண்ட் வரும் நேரத்தில் ஒரு ஹீட்டரைப் போட்டுக்கொள்ளலாமே, இல்லையென்றால் விறகடுப்பு? கரண்ட் திரும்பி வந்த பிறகும் பல நாள் ரேடியேட்டர் சில்லென்றே கிடக்கிறது என்கிறார், அது ஏன்? நம் ஊரில் கரண்ட் வந்தால் ஃபேன் உடனே சுற்றுகிறது. என் வீட்டுக்காரர் "வேறு ஊருக்குப் போயிடச் சொல்லு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கொல்லங்கோடு ஷாஜி:

டீச்சர், நான் துபாயில் டிஸ்ட்ரிக்ட் கூலிங் பிளான்ட்டில் பல வருடம் ஆபரேட்டராக இருந்தவன். அங்கே ஒரே இடத்தில் தண்ணீரைக் குளிரவைத்து, பூமிக்கு அடியில் பெரிய குழாய்களில் நூறு கட்டடங்களுக்கு அனுப்புவோம். உக்ரைனில் இருப்பது அதே அமைப்புதான், தலைகீழாக. சோவியத் காலத்தில் கட்டிய நகரங்களில் வீட்டுக்கு வீடு ஹீட்டர் வைக்கிற வழக்கம் கிடையாது. ஊருக்கு ஒன்றிரண்டு பெரிய அனல்மின் நிலையங்கள், அவை கரண்டும் எடுக்கும், டர்பைனில் மிஞ்சுகிற சூட்டில் தண்ணீரையும் காய்ச்சும். அது போதாத பகுதிகளுக்குத் தனி பாய்லர் நிலையங்கள். அந்த வெந்நீர் ஆள் உள்ளே தவழ்ந்து போகிற அகலமுள்ள குழாய்களில் கிளம்பி, தெருத்தெருவாகப் பிரிந்து, ஒவ்வொரு அடுக்குமாடியின் அடித்தளத்துக்கும் போய், அங்கிருந்து மேல்மாடி வரை ஏறி, சூட்டைக் கொடுத்துவிட்டு பிளான்ட்டுக்கே திரும்பி வர வேண்டும். சுற்றிக்கொண்டே இருந்தால்தான் சூடு.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். அனல்மின் நிலையத்தை அடித்தால் கரண்டும் வெந்நீரும் ஒரே அடியில் போய்விடும். சரி, பாய்லர் நிலையத்தை அடிக்கவில்லை, கேஸும் வருகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பம்ப் கரண்டில் ஓடுகிறது. பம்ப் நின்றால் தண்ணீர் நிற்கும். பாய்லர் எரிந்து என்ன பயன்? குடிதண்ணீர் பம்பும் அதே கரண்ட், கழிவுநீர் பம்பும் அதே கரண்ட். அதனால்தான் ஒரு துணைமின் நிலையம் போனால் பதினொன்றாவது மாடியில் இருக்கிற பெரியம்மாவுக்கு லிஃப்ட், தண்ணீர், கக்கூஸ், சூடு எல்லாம் ஒன்றாகப் போகிறது.

இனி முக்கியமான விஷயம். துபாயில் சுற்றோட்டம் நின்றால் ஜனம் வியர்க்கும், அவ்வளவுதான். அங்கே வெளியே மைனஸ் 15 இருக்கும்போது நின்றால், மாடிப்படியிலும் அடித்தளத்திலும் உள்ள குழாய்களில் சில மணி நேரத்திலேயே ஐஸ் பிடிக்க ஆரம்பிக்கும். தண்ணீர் ஐஸாகும்போது ஏறக்குறைய ஒன்பது சதவீதம் பெருக்கும். வார்ப்பிரும்பு ரேடியேட்டர் விரிந்து கொடுக்காது, பிளந்துவிடும். ஆகவே கரண்ட் சீக்கிரம் வராது என்று தெரிந்ததும் ஊழியர்கள் முதலில் செய்கிற வேலை, கட்டடத்து அடித்தளத்தில் இறங்கி வால்வைத் திறந்து மொத்தத் தண்ணீரையும் வடித்துவிடுவது. வீடு குளிர்ந்தாலும் பரவாயில்லை, குழாய் பிழைக்கட்டும் என்கிற முடிவு அது.

வடித்ததை நிரப்புவதுதான் பெரும்பாடு. சும்மா குழாய்த் தண்ணீரை ஊற்ற முடியாது, சுத்திகரித்து, ஆக்சிஜன் நீக்கிய தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே துரு தின்றுவிடும். நிரப்பும்போது மேலே காற்று அடைத்துக்கொள்ளும், அதை மேல்மாடி வீடுகளில் போய்த் திறந்து வெளியேற்ற வேண்டும். போர்முனைக்குப் பக்கத்து ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும், சாவி அகதியாகப் போன வீட்டுக்காரரோடு ஜெர்மனியில் இருக்கும், உள்ளே ஒரு ரேடியேட்டர் பிளந்திருந்தால் தண்ணீர் ஆறு மாடிக்குக் கீழே இறங்கும்போதுதான் தெரியும். மறுபடி வடி, பூட்டை உடை, அடை, நிரப்பு. கரண்ட் வந்தும் ரேடியேட்டர் சில்லென்று கிடப்பது இதனால்தான் டீச்சர்.

இது போர் இல்லாமலே நடந்திருக்கிறது. 2006 ஜனவரி 22-ஆம் தேதி, கிழக்கு உக்ரைனில் அல்சேவ்ஸ்க் என்ற ஊரில் பிரதான வெந்நீர்க் குழாய் ஒன்று உடைந்தது. கடுங்குளிர். சுற்றோட்டம் நின்றதும் ஊர் முழுக்கக் குழாய்கள் உறைந்து வெடித்து, சுமார் 60,000 பேர் சூடில்லாமல் நின்றார்கள். குழந்தைகளை வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள். நாடு முழுவதிலுமிருந்து ஆட்களைக் கொண்டுவந்தும் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆயிற்று. ஏவுகணை எதுவும் விழாத சமாதான காலத்தில், ஒரே ஒரு குழாய்க்கு இந்தப் பாடு.


இடலாக்குடி டாக்டர்:

டீச்சர், நானும் கார்கிவில் படித்தவன், உங்கள் மகளுக்கு சில வருடம் சீனியராக இருந்திருப்பேன். அந்த ரேடியேட்டரைப் பற்றிச் சொல்கிறேன். வெள்ளை பெயின்ட் அடித்த பட்டைப் பட்டையான இரும்பு, பெயின்ட் அடுக்கடுக்காக உரிந்திருக்கும். அதில்தான் சாக்ஸ் காயப்போடுவோம், அதன் மேல்தான் ரொட்டி வைத்துச் சூடாக்குவோம். அறையில் சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ திருகு எதுவும் இல்லை. அக்டோபரில் மூன்று நாள் தொடர்ந்து சராசரி 8 டிகிரிக்குக் கீழே போனால் நகராட்சி திறந்துவிடும், ஏப்ரல் வரை ஓடும். வெளியே பனி கொட்டும்போது உள்ளே டீ-ஷர்ட்டில் உட்கார்ந்து படித்திருக்கிறோம். குளிர் என்பது கதவுக்கு வெளியே உள்ள சமாசாரம் என்று அந்த ஊர்க்காரர்கள் நம்பி வாழ்ந்தார்கள், அந்த நம்பிக்கையில்தான் வீடுகளையே கட்டியிருக்கிறார்கள்.

ஹீட்டர், விறகடுப்பு கேள்விக்கு. ஒன்பது மாடிக்கு மேல் போகும் கட்டடங்களில் பொதுவாக கேஸ் இணைப்பே கிடையாது, சமையலும் கரண்ட் அடுப்பில்தான். அந்தப் பெரியம்மா பதினொன்றாவது மாடி என்றால் கரண்ட் போனால் வெந்நீர் போட்டுக்கூடக் குடிக்க முடியாது. புகைபோக்கி இல்லாத வீட்டில் விறகு எரித்தால் கார்பன் மோனாக்சைடு. வாசனை இல்லை, நிறம் இல்லை, தலைவலி வரும், தூக்கம் வரும், அப்படியே போய்விடுவார்கள். கேஸ் உள்ள வீடுகளில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தூங்கி இறந்தவர்கள் உண்டு. கரண்ட் ஹீட்டர் என்றால் ஒன்று 2 கிலோவாட் இழுக்கும். ஏற்கெனவே பாதி செத்த மின்கட்டமைப்பில் கரண்ட் விடுகிற அந்த இரண்டு மணி நேரத்தில் எல்லா வீட்டிலும் ஹீட்டர் ஓடினால் தெரு டிரான்ஸ்ஃபார்மர் கருகும். கருகியும் இருக்கிறது.

போர்முனைக்குப் பக்கத்து ஊர்களுக்கு இன்னொரு கொடுமை, ஜன்னல். ஏவுகணை நேராக வீட்டில் விழ வேண்டாம், தெருமுனையில் விழுந்தாலே அந்த வரிசையில் கண்ணாடி மொத்தமும் போகும். அதை ஒட்டுப்பலகையும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைக்கிறார்கள். கார்கிவின் வடக்கு சால்திவ்கா பகுதியில் 2022-இல் அடுக்குமாடிகள் வரிசையாக இப்படித்தான் நின்றன. பலகை அடித்த அறைக்கு ரேடியேட்டர் முழுச் சூட்டில் ஓடினாலும் போதாது.

ஷாஜி அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கார்கிவ் ரஷ்ய எல்லைக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் உள்ள தூரம். சைரன் ஒலிக்கும் முன்பே ஏவுகணை விழுந்துவிடுகிற தூரம் அது. அதனால்தான் பிள்ளைகளுக்கு மெட்ரோ ஸ்டேஷனுக்குள் வகுப்பு நடத்தினார்கள், பிறகு பூமிக்கு அடியிலேயே பள்ளிக்கூடம் கட்டினார்கள். ஆனால் ஓர் அனல்மின் நிலையத்தைப் பூமிக்கு அடியில் ஒளித்துவைக்க முடியாது.


ஆரல்வாய்மொழி ராஜதுரை:

மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்றவன். கரண்ட் பக்கத்தைச் சொல்கிறேன்.

ஒக்கி புயல் நினைவிருக்கும் எல்லோருக்கும். 2017 நவம்பர் 30. ரப்பர் மரமும் தென்னையும் லைன் மேல் சாய்ந்து, கம்பம் கம்பமாக விழுந்து, மாவட்டமே இருட்டில் கிடந்தது. வெளி மாவட்டங்களில் இருந்து ஆட்கள் வந்தார்கள், கம்பம் வந்தது, கம்பி வந்தது. எவ்வளவு கஷ்டம் என்றாலும் ஒன்று மட்டும் உறுதியாக இருந்தது: நாம் நட்ட கம்பத்தை மறுநாள் வந்து புயல் திரும்ப முறிக்காது. உக்ரைனில் அந்த உறுதி இல்லை. சரிசெய்து கரண்ட் விட்ட சப்-ஸ்டேஷனைத் திரும்ப அடிக்கிறார்கள். முதல் குண்டுக்குத் தீயணைப்பவரும் லைன்மேனும் வந்து சேர்ந்ததும் இரண்டாவது குண்டு விழுகிறது. அந்த ஊழியர்களில் பலர் வேலை பார்த்த இடத்திலேயே செத்திருக்கிறார்கள். லைன்மேனாக இருந்தவனுக்குத்தான் தெரியும், கம்பத்தில் இருக்கும்போது கீழே இருந்து கரண்ட் விட்டுவிடுவார்களோ என்ற ஒரு பயமே போதும் கை நடுங்குவதற்கு. இவர்கள் அதோடு ஆகாயத்தையும் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறார்கள்.

பொருள் விஷயம். கம்பமும் கம்பியும் எங்கிருந்தும் வாங்கலாம். பெரிய லைன்களின் மின்னழுத்தத்தை மாற்றும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் அப்படியல்ல. ஒன்று 200 டன் எடை வரும், கடையில் இருப்பு வைத்து விற்கிற சரக்கில்லை, ஆர்டர் கொடுத்தால் ஒரு வருடம் ஆகும், அதற்கு மேலும் ஆகும். அதோடு உக்ரைனின் பெரிய லைன்கள் 750, 330 கிலோவோல்ட். பக்கத்து ஐரோப்பிய நாடுகளில் ஓடுவது பெரும்பாலும் 400, 220. பக்கத்து நாட்டுக்காரர் மனசு வைத்தாலும் அவர் யார்டில் இருப்பது இங்கே பொருந்தாது. 2022 மார்ச் 16-ஆம் தேதி ஐரோப்பியக் கட்டமைப்போடு இணைந்துகொண்டார்கள், அது இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

கட்டமைப்பைக் குறிவைத்த பெரிய தாக்குதல் 2022 அக்டோபர் 10-இல் தொடங்கியது. நவம்பர் 23-இல் அடித்த அடியில் உக்ரைன் கையில் இருந்த அணுமின் நிலையங்கள் எல்லாம் கட்டமைப்பிலிருந்து கழன்றுகொண்டன. கூடங்குளம் பக்கத்தில் இருக்கும் நமக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை, அணுஉலையைக் குளிர்விக்கவே வெளிக் கரண்ட் தேவை. அந்த 2022 தாக்குதல்களில் குறி துணைமின் நிலையங்கள். 2024-இல் உற்பத்தி நிலையங்களையே குறிவைத்தார்கள். மார்ச் 22 ஒரே நாளில் கார்கிவின் ஐந்தாம் எண் அனல்மின் நிலையம், பக்கத்தில் உள்ள ஸ்மீவ் அனல்மின் நிலையம், தெற்கே நிப்ரோ அணைக்கட்டு நீர்மின் நிலையம் மூன்றும் அடிபட்டன. ஏப்ரல் 11 கீவ் பக்கத்தில் திரிபில்யா அனல்மின் நிலையம் முற்றிலும் போயிற்று. அந்த வசந்தகாலத்தில் மட்டும் சுமார் 9,000 மெகாவாட் உற்பத்தித் திறன் போயிற்று. நம் கோதையாறு மின்நிலையங்கள் இரண்டும் சேர்ந்து 100 மெகாவாட் என்பதை வைத்துப் பாருங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர்களைச் சுற்றிக் கம்பிவலைப் பெட்டியில் கல் நிரப்பிச் சுவர் எழுப்புகிறார்கள், அதற்கு மேல் கான்கிரீட் கூடு. சிதறலுக்கும் ட்ரோனுக்கும் தாங்கும். பெரிய ஏவுகணை நேராக விழுந்தால் தாங்காது.


குளச்சல் மெல்கியோர்:

எல்லாரும் உருகுகிறீர்கள், ஆனால் போர் என்றால் எதிரியின் கரண்டைத்தான் முதலில் அறுப்பார்கள். 1991-இல் ஈராக்கின் மின்நிலையங்களை அமெரிக்கா அடித்தது, எங்கள் வீட்டில் அப்போது இரண்டு பேர் குவைத்தில் இருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். 1999-இல் நேட்டோ, மின்கம்பிகளை ஷார்ட் ஆக்கும் கிராஃபைட் இழைக் குண்டு போட்டு செர்பியாவின் பெரும்பகுதியை இருட்டாக்கியது. அப்போது இவ்வளவு பேச்சு இல்லையே. ராணுவத் தொழிற்சாலையும் அதே கரண்டில்தானே ஓடுகிறது?


குழித்துறை வக்கீல்:

மெல்கியோர், நீங்கள் சொன்ன இரண்டும் நடந்தவை, அவற்றையும் தப்பு என்றுதான் நான் சொல்வேன், அப்போதும் அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள். ஒருவன் செய்ததற்குத் தண்டனை இல்லாமல் போனதால் அடுத்தவன் செய்வது நியாயமாகாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், ஜெனிவா உடன்படிக்கைகளின் 1977-ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறையில், பொதுமக்களின் சொத்தைக் குறிவைக்கக் கூடாது, ராணுவ இலக்காகவே இருந்தாலும் பொதுமக்களுக்கு நேரும் சேதம் ராணுவ லாபத்தைவிட அதிகமாக இருக்கும் என்றால் அடிக்கக் கூடாது என்று இருக்கிறது. மின்நிலையம் ராணுவத்துக்கும் பயன்படும் என்ற வாதம் எங்கேயும் எடுபடும் வாதம்தான், ஆனால் அதோடு விசாரணை முடிந்துவிடாது. ஜனவரியில் ஒரு நகரத்தின் வெந்நீரை நிறுத்தினால் யாருக்கு என்ன ஆகும் என்பதையும் எடைபோட்டே தீர வேண்டும். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2024 மார்ச் 5-இல் ரஷ்ய நீண்டதூர விமானப் பிரிவின் தளபதியாக இருந்த கோபிலாஷ், கருங்கடல் கடற்படைத் தளபதியாக இருந்த சொகோலோவ் இருவர் மீதும், அதே ஆண்டு ஜூனில் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஷோய்கு, தலைமைத் தளபதி கெராசிமோவ் மீதும் பிடியாணை பிறப்பித்தது. குற்றச்சாட்டு மின்கட்டமைப்பு மீதான தாக்குதல். 2022 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரையிலான அந்த முதல் குளிர்காலம்தான் வழக்கு.

இவர்களை யார் பிடித்துக் கொண்டுவரப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். இந்தியா அந்த நெறிமுறையிலும் சேரவில்லை, அந்த நீதிமன்றத்திலும் உறுப்பு நாடு இல்லை. ஆனாலும் குற்றம் என்று எழுதி வைப்பது முக்கியம் என்று நினைக்கிறேன்.


பெருமாள்புரம் வதனி:

டீச்சர், வேறு ஊருக்குப் போகச் சொல்லுங்கள் என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னதற்காக எழுதுகிறேன். நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த குடும்பம். 1990-க்குப் பிறகு எங்கட ஊரில் வருடக்கணக்காக மின்சாரமே இல்லை. மண்ணெண்ணெய்க்கும் தடை என்பதால் ஜாம் போத்தலில் கொஞ்ச எண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கு, அதில்தான் அக்காமார் பரீட்சைக்குப் படித்தார்கள். ரேடியோ கேட்க சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிப்பார், டைனமோவில் செய்தி கேட்போம். அம்மம்மா கடைசி வரைக்கும் வரமாட்டேன் என்றார். கிணறு இருக்கிறது, முருங்கை இருக்கிறது, தெரிந்த முகம் இருக்கிறது, கேம்ப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எங்களை ஒருநாளும் குளிர் கொல்ல வந்ததில்லை, அதுமட்டும்தான் எங்களுக்கு இருந்த அதிர்ஷ்டம். அந்த அம்மாவுக்கு அதுவும் இல்லை, அப்படியும் அவர் இருக்கிறார் என்றால் அவருக்கு அந்த வீட்டை விட்டால் வேறு எதுவும் இல்லை என்று அர்த்தம். போகச் சொல்லி நெருக்காதீர்கள், இருக்கிற இடத்தில் என்ன செய்யலாம் என்று பாருங்கள்.


தக்கலை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. வதனி, உங்கள் பதிவை என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, பிறகு எவ்வளவு பணம் அனுப்பலாம் என்று அவரே கேட்டார். பணம் அனுப்பினால் அந்த அம்மா எதை வாங்கிக்கொண்டால் உபயோகமாக இருக்கும்? ஷாஜி, கார்கிவ்காரர்கள் இதற்கு நிரந்தரமாக ஏதாவது செய்கிறார்களா, இல்லை வருடா வருடம் இப்படித்தானா?


கொல்லங்கோடு ஷாஜி:

செய்கிறார்கள் டீச்சர். ஒரே பெரிய நிலையத்தை நம்பியதால்தான் ஒரே அடியில் மொத்தமும் போகிறது என்று தெரிந்து, சின்னச் சின்ன கேஸ் இன்ஜின் நிலையங்களாகப் பிரித்து வைக்கிறார்கள். ஒவ்வொன்றும் கரண்டும் எடுக்கும், கழிவுச் சூட்டில் வெந்நீரும் தரும், அந்த வட்டாரத்துப் பம்பை அதுவே ஓட்டிக்கொள்ளும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வெளியே சொல்ல மாட்டார்கள். லாரியில் இழுத்துக் கொண்டுபோகிற பாய்லர்களும் இருக்கின்றன, மருத்துவமனைக்கு முதலில் போகும். அப்புறம் 2022 நவம்பரிலிருந்து ஊர் ஊராக 'தளராமை நிலையம்' என்று கூடாரமும் பள்ளி அறையுமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள், ஜெனரேட்டர், சூடு, டீ, போன் சார்ஜ், இன்டர்நெட் எல்லாம் இலவசம். ஆனால் பதினொரு மாடி இறங்கி ஏற வேண்டுமே அவர்.

தண்ணீரும் இதில் பெரிய பிரச்சினை, யாரும் பேசுவதில்லை. தெற்கே மைக்கொலாயிவ் நகரத்துக்கு வந்த ஆற்று நீர்க் குழாய் 2022 ஏப்ரலில் சேதமாகி, பல வருடம் குழாயில் உப்புத் தண்ணீர்தான் வந்தது. நம் கடற்கரை ஊர்களில் உப்பு பைப்பை என்ன செய்யும் என்று தெரியும். அங்கே குடிநீர்க் குழாயோடு சூட்டுக் குழாய்களும் சேர்ந்து அரித்தன.


இடலாக்குடி டாக்டர்:

டீச்சர், வாங்கச் சொல்ல வேண்டியது என்றால் முதலில் 'பவர் ஸ்டேஷன்' என்று கடையில் விற்கிற பெரிய பேட்டரி, ஹீட்டர் ஓட்ட அது போதாது, ஆனால் மின்சாரக் கம்பளிக்கு ராத்திரி முழுக்க வரும். அறையைச் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவதற்கு மிகக் குறைந்த கரண்ட் போதும். ஒரே ஒரு சின்ன அறையில் இருக்கச் சொல்லுங்கள், கதவிடுக்கில் துணி திணித்து, ஜன்னலில் பிளாஸ்டிக் ஒட்டி. கரண்ட் இருக்கும்போது ஃபிளாஸ்க்குகளில் வெந்நீர் பிடித்து வைக்கட்டும், பாத்டப்பில் தண்ணீரும். டின் கேஸ் அடுப்பு வைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம். வயதானவர்களுக்கு உடம்பு சூடு குறைவது தெரியாது, பேச்சு குழறினாலோ, நடுக்கம் திடீரென நின்றாலோ உடனே ஆள் போக வேண்டும். அதனால் உங்கள் மகளை வாரம் ஒருமுறை இல்லாமல் தினமும் ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்கள். ஷாஜி அண்ணன் சொன்ன மாதிரி, வீட்டுச் சாவி ஒன்றைக் கீழ் மாடியில் நம்பிக்கையான யாரிடமாவது கொடுத்து வைக்கச் சொல்லுங்கள், ஒருவேளை அவர் மருத்துவமனையில் இருக்கிற நேரத்தில் லைனை நிரப்ப ஊழியர்கள் வந்தால் அந்த வரிசையில் உள்ள எல்லா வீட்டுக்கும் அது தேவைப்படும்.